ஏழாம் நம்பர் போன்

ஜூன் 10

இந்த டைரி அவருடையது. ரப்பர் சங்கத்தில் வருஷா வருஷம் கொடுப்பது. மார்ச் வரை எழுதியிருக்கிறார், மிச்சமெல்லாம் வெறும் தாள். சும்மா கிடக்கிறதே என்று நான் எழுதுகிறேன். அவர் எழுதிய பக்கங்களைப் படிக்கவில்லை. ரப்பர் பேண்டு போட்டு வைத்திருக்கிறேன்.

அவர் பார்த்த பியூன் வேலையை எனக்குத் தற்காலிகமாகத் தந்திருக்கிறார்கள். பெருக்கித் துடைக்க வேண்டும், டீ வாங்க வேண்டும். முக்கியமானது படி ஏறுவது. மாடியில் பிரசிடென்ட் கைலாசநாதன் பிள்ளை. கீழே செக்ரட்டரி ஜெயச்சந்திரன் சார். இரண்டு பேரும் பேசிக்கொண்டு பதினொரு வருஷம் ஆகிறது. சங்கத்தின் வெள்ளி விழா நோட்டீஸில் செக்ரட்டரி பெயர் மேலேயும் பிரசிடென்ட் பெயர் கீழேயும் அச்சாகிவிட்டதாம். அன்று நின்ற பேச்சு. அதன்பிறகு ஒருவர் சொல்வதை இன்னொருவரிடம் போய்ச் சொன்னது என் வீட்டுக்காரர் சோமன்.

மொத்தம் பதினேழு படி. ஏப்ரல் நாலாம் தேதி இறங்கி வரும்போது பன்னிரண்டாவது படியில் உட்கார்ந்தார். பிறகு எழுந்திருக்கவில்லை. நான் அந்தப் படியை மிதிப்பதில்லை, தாண்டிப் போகிறேன்.

ஜூன் 12

இன்று நல்ல திட்டு. "மேல இருக்குத ஆளுக்கு ஒரு எழவும் தெரியாது, லிஸ்டுல ஒப்பு போடச் சொல்லு" என்றார் செக்ரட்டரி. கையெழுத்துக்கான லிஸ்டோடு போய் அப்படியே சொன்னேன். சொல்லச் சொன்னால் சொல்லத்தானே வேண்டும்? பிரசிடென்ட் எழுந்தே விட்டார். அவர் சொன்னதைக் கொண்டுவந்து கீழே இறக்கினேன். இங்கே இவர் எழுந்தார்.

"சோமன் இருந்தப்ப இப்பிடி ஒரு பேச்சு கேட்டதில்ல" என்று இரண்டு பேரும் சொன்னார்கள். பதினொரு வருஷத்தில் அவர்கள் ஒத்துப்போனது இதில் மட்டும்தான் என்றாள் கிளார்க் பிந்து.

ஜூன் 14

நோட்டீஸ் ஒட்டியாயிற்று. சங்கம் முழுக்கக் கம்ப்யூட்டர்களை ஒயரில் இணைக்கப் போகிறார்கள். கடிதம், கணக்கு, பேச்சு எல்லாம் ஒயரிலேயே போகுமாம். அப்புறம் படி ஏற ஆள் எதற்கு?

பிந்துதான் மெதுவாகச் சொன்னாள். "சேச்சி, கமிட்டியில எழுதியாச்சு. ஜூலை முப்பத்தொண்ணு வர தான் உங்களுக்கு வேல."

எனக்கு வேறு வேலை கிடைக்கும். முந்திரிக்கொட்டை உடைக்கும் ஆபீஸ் உண்டு, வீட்டு வேலை உண்டு. ஆனால் அவர் உட்கார்ந்த ஸ்டூல் அங்கே இருக்காதே.

ஜூன் 18

நெய்யாற்றின்கரையிலிருந்து ஆர்யா என்று ஒரு பெண் வந்திருக்கிறாள். படித்த பெண், ஆனால் தலைக்கனம் இல்லை. ஒயர் போடுவதற்கு முன்னால் யாருக்கு என்ன தேவை என்று கேட்டு எழுத வேண்டுமாம். இல்லையென்றால் பணமும் ஒயரும் வீண் என்றாள். சரிதான்.

கேட்டாள். கீழே எல்லா மேசையையும் பார்க்கக் கேமரா வேண்டும் என்றார் பிரசிடென்ட். மாடியில் கேமரா வேண்டாமாம், அங்கே நல்ல வெளிச்சம் இருக்கிறதாம். தன் அறைக்கு மட்டும் எல்லாவற்றிலும் வேகமான நெட் வேண்டும் என்றார் செக்ரட்டரி.

"எதுக்காக்கும் சார் அவ்வளவு வேகம்?"

"மேல உள்ளதவிட கூட இருக்கணும். அவ்வளவுதான்."

பிரிண்டர் தன் பக்கத்தில் வேண்டாம் என்றாள் பிந்து. எல்லாரும் அங்கே வந்து நின்று கதையடிப்பார்களாம்.

பாரத்தில் ஒரு கேள்வி: தினமும் யார் யாரோடு பேசுவீர்கள்? பிரசிடென்ட் 'எல்லாரோடும்' என்று எழுதினார். செக்ரட்டரியும் 'எல்லாரோடும்' என்றே எழுதினார். இரண்டுக்கும் சீல் வைத்தது நான்.

என்னிடம் யாரும் கேட்கவில்லை. நான் தரை துடைத்துக்கொண்டிருந்தேன்.

ஜூன் 21

கொடவுன் சுவரோடு ஒயர் கொண்டுபோகப் போவதாக ஆர்யா சொன்னாள். பொறுக்கவில்லை, சொல்லிவிட்டேன். "மொவளே, அங்க எலி உண்டு. ஒயர் ஏழு நாளு தாங்காது. வடக்குச் சுவரும் வேண்டாம், மழை வந்தா ஊறும்." அவள் படத்தை ரப்பரால் அழித்தாள். முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்தாள்.

பிறகு இன்னொரு படம் காட்டினாள். எந்தத் தாள் எந்த மேசையிலிருந்து எந்த மேசைக்குப் போகிறது என்று பழைய ரெஜிஸ்டரைப் பார்த்துக் கோடு போட்டிருந்தாள். எல்லாக் கோடும் நடுவில் ஒரே புள்ளிக்கு வந்து போயின.

"இதாரு சேச்சி? எல்லா தாளும் இவரு கைவழியாக்கும் போயிருக்கு."

"எனக்க வீட்டுக்காரர்."

"இப்ப எங்க?"

"ஏப்ரல்ல போயிட்டாரு."

"டிரான்ஸ்பரா?"

பின்னால் நின்ற பிந்து நாக்கைக் கடித்தாள். பாவம், அந்தப் பெண் பிறகு மூன்று தடவை மன்னிப்புக் கேட்டாள்.

ஜூன் 22

டிரான்ஸ்பர்தான்.

ஜூலை 3

ரப்பர் பேண்டை எடுத்துவிட்டேன்.

நாளுக்கு இரண்டு வரிதான் எழுதியிருக்கிறார். அப்படியே எழுதுகிறேன்:

பிப்ரவரி 6. கேட்டது: கீழ இருக்கது மனுசனா எருமையா? சொன்னது: பிரசிடென்ட் உங்க சுகம் விசாரிச்சாரு.

பிப்ரவரி 7. கேட்டது: அந்தக் கெழவனுக்கு ஒப்பு போடக் கை வராதா? சொன்னது: நேரம் போல ஒரு ஒப்பு வேணுமாம், அவசரம் இல்ல.

பக்கம் பக்கமாக இதுதான். சிரித்துவிட்டேன். அவர் போனபிறகு முதல் சிரிப்பு. எருமையைச் சுகம் விசாரித்ததாக மாற்றியிருக்கிறாரே, எங்கிருந்து வந்தது இந்தப் புத்தி? வீட்டில் ஒரு தேங்காய் விலையைக்கூட ஒழுங்காகச் சொல்லத் தெரியாத மனுஷன்.

கடைசியாக எழுதியிருந்தது மார்ச் 28. கேட்டது: ஷியாமளா — மூச்சு இப்பிடி வாங்குதே, ஆஸ்பத்திரிக்குப் போனியளா? சொன்னது: போனேன், ஒண்ணும் இல்ல.

ஷியாமளா நான்தான். அவர் போகவே இல்லை. என்னிடமுமா? அவர்களிடம் சொன்னதுபோல என்னிடமும் சொன்னீரா?

ஜூலை 4

ஒன்றும் எழுதத் தோன்றவில்லை.

ஜூலை 8

ஒயர் போட்டாயிற்று. எலி போகாத பக்கமாக, மழை நனையாத பக்கமாக. மேசைக்கு ஒரு கம்ப்யூட்டர், ஒரு போன். ஆறு மேசை, ஆறு நம்பர். ஒன்றை அமுக்கினால் மாடி, இரண்டை அமுக்கினால் செக்ரட்டரி. திறப்பு விழாவுக்குக் கேக் வெட்டினார்கள். பிரசிடென்ட் மேலே ஒரு கேக், செக்ரட்டரி கீழே ஒரு கேக். வாங்கி வந்தது நான்.

ஜூலை 9

காலை பத்தேகாலுக்குப் பிரசிடென்ட் இரண்டை அமுக்கினார்.

பதினொரு வருஷத்துப் பேச்சு, நடுவில் ஆள் இல்லாமல் நேராகக் காதில் விழுந்தது. எருமை எருமையாகவே போய்ச் சேர்ந்தது. கிழவன் கிழவனாகவே. போனில் கேட்டது பாதி, படிக்கட்டு வழியாகக் கேட்டது பாதி. வெள்ளி விழா நோட்டீஸ் வரைக்கும் போனது. ரப்பர் ஷீட் ஏற்ற வந்த லாரி வாசலில் நிற்கிறது, ஒப்புப் போட இரண்டு பேரும் மாட்டேன் என்கிறார்கள்.

"ஒயர் நல்ல வேகம்" என்றாள் பிந்து.

ஜூலை 11

லாரி இன்னும் நிற்கிறது. மத்தியானம் நானே தாளை எடுத்துக்கொண்டு மேலே போனேன். கீழே செக்ரட்டரி சொல்லிவிட்ட வார்த்தை எழுதும்படியாக இல்லை. நான் சொன்னது: "சார் வருத்தப்படுதாரு. நீங்க பெரியவரு, முதல்ல ஒப்பு போடணும்ணு சொன்னாரு."

பிரசிடென்ட் கண்ணாடியைக் கழற்றினார். "அவன் அப்பிடி சொன்னானா?"

"ஓ, சொன்னாரு."

ஒப்புப் போட்டார். கீழே வந்து அதேபோல ஒன்று சொன்னேன். லாரி போயிற்று. இறங்கும்போது கால் பன்னிரண்டாவது படியில் பட்டது. அப்படியே கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டேன்.

ஜூலை 12

ஆர்யா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறாள். காலையில் பிரசிடென்ட் அவளைத் தனியாகக் கூப்பிட்டு, "அவன் குரல் நேரா கேக்காத மாதிரி ஒரு ஏற்பாடு செய்ய ஒக்குமா?" என்று கேட்டாராம். மத்தியானம் செக்ரட்டரி தனியாகக் கூப்பிட்டு அதையே கேட்டாராம். மற்றவருக்குத் தெரியக்கூடாது என்று இரண்டு பேரும்.

"தேவைய மொதல்லயே உள்ளதுபோல எழுதியிருந்தா இவ்வளவு பாடு உண்டா சேச்சி?"

ஜூலை 15

புதுப் படம். மாடியில் இரண்டை அமுக்கினாலும் கீழே ஒன்றை அமுக்கினாலும் மணி அடிப்பது ஏழாம் நம்பரில். ஏழாம் நம்பர் என் போன்.

ஆர்யா பாரத்தை எடுத்தாள். "சேச்சி, சங்கத்துல உங்களுக்கு என்ன வேணும்? உள்ளதச் சொல்லணும்."

இங்கே இப்படி ஒருவர் கேட்டது முதல் தடவை. சாய்மானம் உள்ள நாற்காலி என்றேன். பிறகு, அவர் ஸ்டூலைத் தூக்கிப் போட வேண்டாம், போனை அதன்மேல் வைக்கலாம் என்றேன். இரண்டையும் எழுதிக்கொண்டாள்.

ஏழாம் நம்பரில் ஆள் இல்லையென்றால் இந்த நெட்வொர்க் ஓடாது என்று ஆங்கிலத்தில் அடித்துக் கமிட்டிக்குக் கொடுத்தாள். பிரசிடென்ட் ஒப்புப் போட்டார். செக்ரட்டரியும் போட்டார். யார் பெயர் மேலே என்று சண்டை வராமல் இருக்க இரண்டு தாளாக அடித்திருந்தாள். புத்திசாலி.

ஜூலை 31

வேலைக்குப் போனேன். நாளைக்கும் வேலை உண்டு.

கேட்டது: அந்த ஆளுக்கு இண்ணைக்காவது வெவரம் வந்துதா? சொன்னது: காலத்த டீ குடிச்சாச்சான்னு கேட்டாரு.

கேட்டது: எனக்க டீய அவன் எதுக்கு விசாரிக்கான்? சொன்னது: குடிச்சாச்சாம், சந்தோஷமாம்.

சாயங்காலம் பிந்து ஏழாம் நம்பரை அமுக்கினாள். கேட்டது: சேச்சி, ராத்திரி உறங்குதியளா? சுகந்தானா?

சொன்னது: இல்ல மொவளே. சுகம் இல்ல.