நாம் சேர்ந்திருக்கும் கேசட் ஒன்றுகூட இல்லை

என் அருமை மச்சான் முனிராஜு,

ஆடி வந்தால் நீ போய் ஒரு வருஷம். உன் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவில் அதே ஒற்றைச் சுவர்தான். கம்பெனி பஸ் இப்போதும் நம் லைன் வீட்டு முனையில் நின்று ஹாரன் அடிக்கிறது. ஏறினால் உன் சீட்டில் யாரோ புது ஆள் தூங்கிக்கொண்டு வருகிறார்.

சேலம் பக்கத்திலிருந்து ஓசூருக்கு வேலைக்கு வந்தபோது எனக்கு இங்கே ஒருவரையும் தெரியாது. ஷிப்ட் முடிந்தால் கதவைச் சாத்திக்கொண்டு புல்புல்தாரா வாசிப்பேன். டேப் ரெக்கார்டர் இரண்டு வைத்திருந்தேன். ஒன்றில் என் வாசிப்பைப் பிடித்து, அதை ஓடவிட்டு, கூடவே வாசித்து, இரண்டையும் மற்றதில் பிடிப்பேன். பெங்களூர் ரோட்டு லாரிச் சத்தம் உள்ளே வராமல் இருக்க ஜன்னலில் கம்பளி தொங்கும். ஒரு சுரம் பிசகினாலும் அழித்துவிட்டு முதலிலிருந்து தொடங்குவேன்.

ஒருநாள் நீ கதவைத் தட்டினாய். உள்ளே ஒரு கோஷ்டியே இருப்பதாக நினைத்து வந்தவன், நான் ஒருவன்தான் என்று பார்த்தபோது சிரிக்கவில்லை. "ஒருத்தனே ரெண்டு பேரா வாசிக்கறதுக்கு இத்தினி பாடா? செவுத்துக்கு அந்தப் பக்கம் நான் இருக்கறன்ல மச்சான்," என்றாய். பேர் கேட்பதற்கு முன்னாலேயே உறவு வைத்துவிட்டாய்.

அப்புறம் கெலமங்கலத்திலிருந்து உன் பஜனைக் கோஷ்டி வந்தது. தெலுங்கிலும் கன்னடத்திலும் மாறி மாறிப் பாடினீர்கள். நான் மைக்கை உத்தரத்தில் தொங்கவிட்டு, டோலக் வாசிப்பவரை வாசற்படிக்கு அனுப்பி, உன்னை மைக்குக்குக் கீழே நிறுத்தினேன். என் வாசிப்பு என்றால் பிசகிய இடத்தில் நிறுத்திவிடலாம். உங்களை எப்படி நிறுத்துவது? மூச்சை அடக்கிக்கொண்டு பட்டன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

ஞாயிறுதோறும் அதுவே வழக்கமாயிற்று. வீடு கொள்ளாத ஆட்கள். ஆனால் அந்தக் கேசட்டுகளில் எதிலும் நான் இல்லை. கோஷ்டி பஸ் ஏறி, நீயும் உன் வீட்டுக்குப் போன பிறகு போட்டுக் கேட்பேன். என் வீட்டில் நடந்த பாட்டு, எனக்கு ஏதோ ஊரின் பாட்டு மாதிரி இருக்கும். கதவைச் சாத்திக்கொண்டு வாசித்த நாட்களில்கூட இவ்வளவு தனியாக இருந்ததில்லை. நான் சொல்லாமலே அது உனக்கு எப்படித் தெரிந்தது?

"நாங்கெல்லாம் பாடறம், நீ மட்டும் பொட்டிக்குக் காவலா உக்காந்திருக்கற. எந்திரி," என்று என்னை இழுத்து நடுவில் உட்காரவைத்தாய். ரெக்கார்டர் முன்னால் நீ உட்கார்ந்தாய். அன்றுதான் நான் முதன்முதலாக மனிதர்களோடு சேர்ந்து வாசித்தேன். நீயோ பெட்டியின் முள் ஆடுவதையே பார்த்துக்கொண்டு வாயைத் திறக்கவில்லை. அடுத்த தடவை பட்டனை வேறு யாரிடமாவது கொடுத்துவிட்டு நாம் இரண்டு பேரும் சேர்வது என்று பேசிக்கொண்டோம். அந்த வாரமே உன் கண் மஞ்சளாகிவிட்டது. பெங்களூர் ஆஸ்பத்திரிக்குப் போனவன் திரும்பி வரவில்லை.

நான் மறுபடி கதவைச் சாத்திக்கொண்டேன். போன வாரம்தான் உன் கேசட்டைத் தொடும் தைரியம் வந்தது. அதை ஓடவிட்டு, கூடவே வாசித்து, இரண்டையும் இன்னொன்றில் பிடித்தேன். பதிவு சுத்தமாக வந்தது. கேட்கத்தான் முடியவில்லை. நான் உன் பின்னால் ஓடிக்கொண்டே இருந்தேன். நீ ஓரிடத்திலும் எனக்காக நிற்கவில்லை. எப்படி நிற்பாய்? உன் கேசட்டைப் பத்திரமாக வைத்துவிட்டு, நான் சேர்த்துப் பிடித்ததை மட்டும் அழித்தேன்.

மறுநாள் உன் மனைவி ரத்னம்மா வாசலில் வந்து நின்றாள். உன் குரலைப் போட்டு அவளை அழவைத்துவிட்டேனோ என்று பயந்தேன்.

"அவரு கொரலு கேட்டுச்சு. அப்பறம் நின்னுபோச்சு. ஏண்ணா நிறுத்தினீங்க?"

உள்ளே கூப்பிட்டு உன் கேசட்டை மறுபடி போட்டேன். நீ பாடப் பாட, கோஷ்டி திருப்பிப் பாடும் வரியை அவள் மெல்லப் பாடினாள். எல்லாப் பாட்டும் அவளுக்கு வருகிறது, மச்சான். நாம் யாரும் அவளைப் பாடக் கூப்பிட்டதில்லை. அவள் பாடுவாள் என்று உனக்காவது தெரியுமா?

கேசட் முடிந்ததும், "கோஷ்டிய வரச்சொல்லுங்கண்ணா. நான் பாடறன், நீங்க வாசிங்க," என்றாள். பட்டனை யார் பார்ப்பது என்று கேட்டேன்.

"அமுக்கிட்டு வந்து உக்காந்துக்கங்க. அது பாட்டுக்கு ஓடட்டும்."

இத்தனை வருஷத்தில் இது எனக்கும் தோன்றவில்லை, உனக்கும் தோன்றவில்லை.

வரும் ஞாயிறு கோஷ்டி வருகிறது. யார் பிசகினாலும் நிறுத்த மாட்டேன், அழிக்கவும் மாட்டேன். அவள் எங்கே தயங்கி நின்றாலும் நானும் அங்கேயே நிற்பேன். அவள் மறுபடி எடுக்கும்போது கூடவே வாசிப்பேன். இது உனக்கு நான் தரும் வாக்கு.

ரத்னம்மாவுக்கு அண்ணனும்
உனக்கு என்றைக்கும் மச்சானுமான,
செல்வராஜ்