மதினியின் தட்டு

அண்ணே,

போனை எடுக்க மாட்டேங்குற, அதான் எழுதுறேன். சமைக்கக் கத்துக்கட்டும்னு பிளஸ் ஒன்ல என்னை மனையியல் குரூப்ல சேத்துவிட்டதே நீதான்.

மாசமா இருக்கவளுக்கு முட்டை, கீரை, சூடான சோறுன்னு டீச்சர் சொல்லிக்குடுத்தாங்க. ஆம்பளைக தின்ன மிச்சம்னு சொல்லிக்குடுக்கல. அதான் அன்னைக்கு மதினியை உக்கார வச்சு மொதல்ல பரிமாறுனேன். நீ வெறுந்தட்டைத் தள்ளிவிட்டுட்டு, வேலை பாக்குற சிம்மக்கல் கடையிலயே போயிப் படுத்துக்கிட்ட.

ரத்தம் கம்மின்னு மதினி போன தடவை மாசமா இருந்தப்பவும் ஆஸ்பத்திரில சொன்னாங்க. அப்ப வாங்குன தொட்டில் கட்டுப் பிரிக்காம பரண்ல கிடக்கு. அதைப் பத்தி எழுத மாட்டேன்.

அம்மா உன்கிட்ட மன்னிப்புக் கேக்கச் சொல்லுது. கேக்க மாட்டேன்.

கோவம் தீந்தா வீட்டுக்கு வா. உனக்கும் சோறு இருக்கும், மதினி சாப்பிட்டு முடிச்ச பெறகு.

உன் தங்கச்சி