சந்தேகப் பந்து

ஜனவரி 9

நெட்டைக்கு,

நலமா என்று கேட்டால் திட்டுவாய். முழங்கால் எப்படி இருக்கிறது?

விமான நிலையத்தில் போனைப் பிடுங்கி ஒவ்வொன்றாகப் படிக்கிறார்கள், இனிமேல் போனில் எதுவும் வேண்டாம் என்றாய். சரி, காகிதம். என் கையெழுத்தை அவர்களால் படிக்க முடியாது. உன்னாலும்தான்.

விசா நேர்காணல் பிப்ரவரி நான்கு. ஏப்ரல் டென்னிஸ் போட்டிக்கு, உன் அகாடமி இருக்கும் நாட்டுக்கே வந்துவிடுவேன். போன வருடம் அதில் அரையிறுதி வரை போனோமே, அந்தத் தரவரிசைப் புள்ளிகள் அந்த வாரத்தோடு விழுந்துவிடும். இரட்டையரில் இரண்டு பேரின் புள்ளிகளையும் கூட்டித்தான் இடம் தருகிறார்கள். இந்த முறை ஆடாவிட்டால் அடுத்த வருடம் பெரிய போட்டிகளின் கதவு நமக்குத் திறக்காது. உனக்குத் தெரியாததா.

அம்மா இரண்டு ஸ்கர்ட் தைத்துவிட்டாள். எனக்கு இடது பக்கம் பந்துப் பை. நீ இடதுகைக்காரி என்பதால் உனக்கு வலது பக்கம். "அந்த ஒட்டகச்சிவிங்கி இன்னும் வளந்திருந்தா நான் பொறுப்பில்ல" என்கிறாள்.

உன்
குள்ளி

ஜனவரி 23

குள்ளிக்கு,

முழங்கால் பரவாயில்லை. தூக்கம்தான் இல்லை.

என் அறைத் தோழி, நம் நாட்டுப் பெண், அப்பாவின் அறுவை சிகிச்சைக்காக ஊருக்குப் போனாள். ஒன்பது நாள். அதற்குள் புது உத்தரவு. நம் பாஸ்போர்ட் உள்ளவர்கள் வெளியே போனால் திரும்பி வரக்கூடாதாம். அவள் ஷூ இன்னும் கட்டிலுக்கு அடியில் இருக்கிறது. கதவில் ஒட்டியிருந்த பெயரை அகாடமி ஆபீஸ்காரர்கள் கிழித்துவிட்டார்கள். பசையின் தடம் மட்டும்.

உத்தரவில் ஒரு விலக்கு. போட்டிக்கு வரும் விளையாட்டு வீரர்களை விடுகிறார்கள், நேர்காணலில் திருப்தி இருந்தால். ஆகவே நன்றாகக் கேள். "முடிந்ததும் திரும்பிப் போவாயா" என்பார்கள். "போவேன்" என்று சொல். உடனே. நீ யோசிக்கிற ஆள். யோசிக்காதே.

அம்மாவிடம் சொல், நான் வளரவில்லை. குனிந்துதான் நடக்கிறேன்.

நெட்டை

பிப்ரவரி 6

நெட்டைக்கு,

கிடைக்கவில்லை.

கண்ணாடி. அதில் சின்னதாக ஒரு துளை. அந்தப் பக்கம் ஓர் ஆள், மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது. நீ சொன்ன அதே கேள்வி. "முடிஞ்சதும் திரும்பிப் போயிடுவியாம்மா?" என்றார், மொழிபெயர்ப்புக்கு உட்கார்ந்திருந்த பெண்.

வாயைத் திறந்தேன். உன் கடிதத்தில் இருந்த காலிக் கட்டில் ஞாபகம் வந்தது. அந்தக் கட்டிலை எனக்குத் தந்தால்? தங்கச் சொன்னால்? மாட்டேன் என்பேனா?

நம் பழக்கம் உனக்குத் தெரியும். நடுவர் இல்லாத மைதானங்களில் பத்து வயதிலிருந்து ஆடியவர்கள். பந்து கோட்டில் பட்டதா என்று நீயும் பார்க்கவில்லை, நானும் பார்க்கவில்லை என்றால் புள்ளி எதிராளிக்கு. சந்தேகத்தை நாம் வைத்துக்கொண்டதே இல்லை.

"தெரியலைங்க" என்றேன்.

அந்தப் பெண் அதை மொழிபெயர்க்காமல் என்னையே ஒரு நிமிடம் பார்த்தார். எனக்கு இன்னொரு வாய்ப்பு தருகிறார் என்று வெளியே வந்த பிறகுதான் புரிந்தது.

ராத்திரி சாப்பாட்டின்போது அம்மா: "வாய்ல ஒரு 'போவேன்' வரல. என்ன பொண்ணு நீ?"

ஒரு வழி இருக்கிறது. அதே வாரம் வேறொரு நாட்டில் போட்டி. நம் பாஸ்போர்ட்டுக்கு அங்கே விசா வேண்டாம். புள்ளியும் ஏறக்குறைய அவ்வளவே. நீ வருவாயா? நீ வெளியே வந்தால் என்ன ஆகும் என்று தெரிந்துதான் கேட்கிறேன்.

குள்ளி

மார்ச் 2

அடி முட்டாளே,

மூன்று நாள் உன்மேல் கோபமாக இருந்தேன். நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன் என்று நான்காம் நாள் தெரிந்தது. பிறகு இன்னும் கோபம்.

செவ்வாய்க்கிழமை இரண்டு பேர் அகாடமிக்கு வந்தார்கள். சாதாரணச் சட்டை, இடுப்பில் குடியேற்றத் துறை அட்டை. காகிதங்களைக் காட்டச் சொன்னார்களாம். நான் பார்க்கவில்லை. ராக்கெட்டுக்கு நரம்பு கட்டும் அறையில், மேஜைக்குப் பின்னால், தரையில் உட்கார்ந்திருந்தேன். நரம்பு கட்டுபவர் ஒன்றும் கேட்காமல் மெஷினை ஓட்டிக்கொண்டே இருந்தார். என் காகிதங்கள் எல்லாம் சரியாகத்தான் இருக்கின்றன. பிறகு ஏன் ஒளிந்தேன்?

கோச் சொல்கிறார்: "எல்லைக்கு வெளிய கால வைக்காத. இங்க ஒரு பொண்ணுக்கு ஜோடி இல்ல, அவகூட ஆடு." நல்ல பெண். நன்றாக சர்வ் போடுகிறாள்.

நீ சொன்ன அந்தப் போட்டிக்கு நம் இரண்டு பெயரையும் எழுதிக் கொடு.

நெட்டை

மார்ச் 27

குள்ளி,

டிக்கெட் எடுத்துவிட்டேன். ஏப்ரல் ஒன்பது, காலை. கோச்சிடம் சொல்லவில்லை. போனை அறையிலேயே வைத்துவிட்டு வருகிறேன். ஸ்கர்ட்டைக் கொண்டுவா.

பயமாகத்தான் இருக்கிறது. எழுதினால் குறையும் என்று பார்த்தேன்.

நெ.

ஏப்ரல் 12

நெட்டைக்கு,

நேற்று காலை நம் ஆட்டம், ஏழாம் எண் மைதானம். உன் ஸ்கர்ட்டைப் பெஞ்சில் மடித்து வைத்திருந்தேன். எதிர் ஜோடி கயிறு தாண்டிக் குதித்துக்கொண்டிருந்தார்கள். நாற்காலி நடுவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். வராதவருக்காகப் பதினைந்து நிமிடம் தருவார்கள், அதற்கு மேல் தோல்விதான். பதினான்காவது நிமிடத்தில் கதவருகே உயரமாக ஒரு பெண் வந்தாள். தண்ணீர் பாட்டில் கொண்டு வந்தவள்.

எதிர் ஜோடியில் ஒருத்தி கை கொடுக்க வந்து, கொடுக்காமல் தோளைத் தொட்டுவிட்டுப் போனாள்.

உன் போன் அடிக்கிறது. அறையில்தானே வைத்துவிட்டு வருவதாகச் சொன்னாய். யாரும் எடுக்கவில்லை. அகாடமி ஆபீஸ் போனும் அடித்துக்கொண்டே இருக்கிறது. விமானக் கம்பெனி ஜன்னலில் கேட்டேன். பயணிகள் பெயரைச் சொல்லக் கூடாதாம்.

மூன்று நாளாக ஒரே கணக்கு. நீ கிளம்பவே இல்லை, அல்லது கிளம்பினாய், விமான நிலையத்தில் நிறுத்திவிட்டார்கள். நான் பார்க்கவில்லை. சந்தேகம். நம் பழக்கப்படி உன் பக்கம் சொல்ல வேண்டும்: அவள் வாக்குத் தவறுகிறவள் இல்லை, கிளம்பியிருப்பாள்.

அப்படிச் சொன்னால் நீ இப்போது எங்கே இருக்கிறாய்? எந்த அறை? ஜன்னல் இருக்கிறதா? அந்த முழங்காலோடு தரையிலா உட்காரவைத்திருக்கிறார்கள்?

வேண்டாம். இந்த ஒரு தடவை பழக்கத்தை மீறுகிறேன். நீ பயந்துவிட்டாய். விமான நிலையம் வரைகூடப் போகவில்லை. போன் அடிப்பதைப் பார்த்துக்கொண்டே கட்டிலில் படுத்திருக்கிறாய். சாயங்காலம் அந்த நல்ல பெண்ணோடு ஆடப் போவாய், அவள் நன்றாக சர்வ் போடுவாள். என்னை விட்டுவிட்டாய்.

அப்படித்தான் என்று ஒரு வரி எழுது. கோபப்பட மாட்டேன். பொய்யாக இருந்தாலும் உன் கையெழுத்தில் இருந்தால் போதும்.

குள்ளி