ஆலைக் கணினியில் திறக்காத படம்

தை 11, சனி
காலையில் பனி. அரிசி ஆலைக் களம் முழுக்க ஈரநெல். மதியம் வரை எடைச்சீட்டு அடித்துக் கை ஓய்ந்தது.

மூன்று மணிக்கு எடைமேடைப் பக்கம் கூச்சல். முதலாளியின் தம்பி, எல்லோருக்கும் சின்னவர், லோடுமேன் குமரேசனை அடித்துக்கொண்டிருந்தார். குமரேசனின் சொந்த மூட்டைக் கொக்கியாலேயே. "வண்டிய நகத்துடா" என்றதற்கு "டீ குடிச்சிட்டு வரேங்க" என்றாராம். குற்றம் அவ்வளவுதான்.

நான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வெளியே போகவில்லை. குமரேசனைத் தஞ்சாவூர் பெரியாஸ்பத்திரிக்கு ஆட்டோவில் ஏற்றினார்கள். இடது கண்ணில் துண்டு, துண்டெல்லாம் ரத்தம்.

ஆறு மணிக்கு முதலாளி கம்ப்யூட்டர் அறைக்கு வந்தார். கேமரா எல்லாவற்றையும் பிடித்திருக்கிறது.

"அழிக்காதம்மா வசந்தா. அழிச்சா அதுக்கே தனியா கேஸ் போடுவாங்க. ஃபைல் இருக்கட்டும், திறக்காம பண்ணிடு. உன்னால முடியும்ல?"

முடியும் என்றேன். யோசிக்கக்கூட இல்லை. வெட்கங்கெட்ட வாய்.

வீட்டில் பாப்பா பாலைக் கொட்டினாள். முதுகில் ஒன்று வைத்தேன். ஐந்து விரலும் பதிந்துவிட்டது.

தை 12, ஞாயிறு
அறுவடை நேரம், ஆலைக்கு லீவு கிடையாது. வேலைகள்: கேஸ் புக்கிங். பாப்பாவுக்குச் செருப்பு. ஆலைக் கணினியில் ரெஜிஸ்ட்ரி.

பெயரின் வாலில் எந்த எக்ஸ்டென்ஷன் உள்ள ஃபைலை எந்த சாஃப்ட்வேர் திறக்க வேண்டும் என்பது அங்கேதான் இருக்கிறது. கேமரா ஃபைலுக்குத் தனி எக்ஸ்டென்ஷன், அதை ஓட்டத் தனி பிளேயர். போன வருஷம் நானே பிளேயரை அங்கே எழுதினேன். முதலாளிக்கு இங்கிலீஷ் வராதே என்று வலது கிளிக் மெனுவில் 'படம் பார்' என ஒரு வரியும் சேர்த்துக் கொடுத்தேன். இன்று அதே கையால் பிளேயரை எடுத்துவிட்டு நோட்பேடைப் போட்டேன். 'படம் பார்' போயிற்று. டபுள் கிளிக் செய்தால் நெடுநேரம் சுற்றி, பிறகு கட்டமும் கேள்விக்குறியுமாகக் கொட்டுகிறது. பார்க்கிறவர்கள் ஃபைல் கெட்டுவிட்டது என்றே நம்புவார்கள். ஃபைலில் ஒரு கீறல் இல்லை. முதலாளி கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

நான்கு மணிக்குச் சின்னவர், கூட்டாளிகள் இரண்டு பேருடன். "எனக்கு மட்டும் தெரியற மாதிரி வைம்மா." ஷிஃப்ட்டை அழுத்திக்கொண்டு வலது கிளிக் செய்தால் மட்டும் 'படம் பார்' வரும்படி திரும்ப வைத்தேன். நான்கு முறை போட்டார்கள். கொக்கி முகத்தில் இறங்கும் இடத்தில் நிறுத்தி, "இந்த எடம் செம" என்றான் ஒருவன்.

மவுஸ் ஒயரை அவன் கழுத்தில் சுற்றி இறுக்க வேண்டும் போலிருந்தது. நிஜமாகவே. நீளம் போதுமா என்றுகூடப் பார்த்தேன்.

தை 13, திங்கள்
நல்ல வெயில். கண் போய்விட்டது. டாக்டர் சொல்லிவிட்டாராம். குமரேசனின் மனைவி மலர் ஆலை கேட்டில் நின்று மண்ணை வாரித் தூற்றினாள். "என் புருசன் கண்ணப் புடுங்குன கை அழுவிப் போவணும்!" வாட்ச்மேன் தள்ளியதில் விழுந்தாள். முழங்கை கிழிந்தது.

பதினொரு மணி. எஸ்.ஐ. வந்து என் நாற்காலியில் உட்கார்ந்தார். டபுள் கிளிக். கட்டம் கட்டமாக. வலது கிளிக். ஒன்றுமில்லை. பக்கத்தில் நின்ற என் விரல் ஷிஃப்ட் மேல் இருந்தது. அழுத்தவில்லை. சின்னவரின் மூச்சு என் பிடரியில் பட்டுக்கொண்டிருந்தது. பயம். வேறு பெயர் இல்லை.

"ஃபைல் போச்சுங்களே" என்றார் எஸ்.ஐ.

முதலாளிக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. "எங்க வேணா கொண்டுபோய்த் திறந்து பாருங்க சார். நாங்க எதையும் மறைக்கல. வசந்தா, சாருக்கு ஒரு பென்டிரைவ்ல போட்டுக் குடும்மா!"

திறக்காதது இந்த ஒரு கணினிதான். வேறு எங்கே போனாலும் அது ஓடும், பிளேயர் இருந்தால் போதும். ஃபைலைப் போட்டேன். பிளேயரையும் போட்டு, 'முதலில் இதை நிறுவவும்' என்று பெயர் மாற்றினேன். சின்னவர் அதற்குள் சிகரெட் பற்றவைக்க வெளியே போயிருந்தார்.

"காப்பி ஆயிடுச்சுங்க" என்று கொடுத்தேன்.

தை 14, செவ்வாய்
ஸ்டேஷனிலிருந்து ஒரு தகவலும் இல்லை. பிளேயரை நிறுவத் தெரியாமல் விட்டுவிட்டார்களோ?

பாப்பாவிடம் சாரி சொன்னேன். "அடிச்சுட்டு எதுக்கும்மா சாரி?" என்றாள்.

தை 15, புதன்
எழுத விரல் வளையவில்லை. சுருக்கமாக.

பத்து மணிக்குச் சின்னவன் கம்ப்யூட்டர் அறைக் கதவை உதைத்துக்கொண்டு வந்தான். ஸ்டேஷனில் படம் ஓடிவிட்டதாம், ஜீப் கிளம்பிவிட்டதாம். கீபோர்டைப் பிடுங்கி என் வாயிலேயே அடித்தான். எழுத்தெல்லாம் தரையில் தெறித்தது.

"திறக்காதுன்னு சொன்னியேடி!"

"இங்க திறக்காதுங்க. வேணும்னா இப்பவும் கிளிக் பண்ணிப் பாருங்க."

மறுபடி ஓங்கினான். ஓங்கிய கையைப் பிடித்துக் கடித்தேன். கத்தினான், தலைமயிரைப் பிடித்து இழுத்தான், நான் விடவில்லை. லோடுமேன்கள் மூன்று பேர் ஓடிவந்துதான் பிரித்தார்கள். ஜீப் வரும்வரை அவனை எழுந்திருக்க விடவில்லை அவர்கள்.

உதட்டில் நான்கு தையல். வேலை போயிற்று. வாயில் இன்னும் ரத்த ருசி, என்னுடையதும் அவனுடையதும். கொப்பளிக்கவில்லை.