குட்டி மட்கார்டும் அப்பாவின் வெள்ளைச் சட்டையும்

அன்புள்ள மகளுக்கு அம்மா எழுதுவது. நாங்கள் இருவரும் இங்கே சுகம், அப்பாவின் கௌரவத்துக்கு மட்டும் லேசான அடி, அதுவும் இப்போது தேறிவிட்டது. அங்கே நீ, உன் சளி, உன் சைக்கிள் மூவரும் எப்படி இருக்கிறீர்கள் என்று தனித்தனியாக எழுது. அப்பாவுக்குத் தலைமை நூலகர் வேலை கிடைத்ததை அவரே உனக்குப் போனில் சொல்லிவிட்டார், ஆனால் எப்படிக் கிடைத்தது என்பதைச் சொல்லியிருக்க மாட்டார். நான் போனில் சொல்லலாம் என்றால் பக்கத்திலேயே உட்கார்ந்து காதைத் தீட்டிக்கொண்டு இருக்கிறார். நீ இன்னும் மட்கார்டு வாங்கவில்லை என்று நேற்றுச் சொன்னாயே, அதனால் இதைப் படித்துவிட்டுக் கடைக்குப் போ.

போன மாதம் நீ என்ன சொன்னாய், மழையில் வேலைக்குப் போக சீட்டுக்கு அடியில் மாட்டுகிற குட்டி பிளாஸ்டிக் போதும், டயரை மூடுகிற நீளமான மட்கார்டு கிழவர்கள் வண்டி மாதிரி இருக்கும் என்றாய். நான் வாயைத் திறப்பதற்குள் அப்பா "என் பொண்ணு சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று போனைப் பிடுங்கிக்கொண்டார். மறுநாளே கடைக்குப் போய் அதே மாதிரி ஒன்று வாங்கி, தன் சைக்கிளில் பதினோரு வருடமாகச் சேற்றைத் தடுத்துக்கொண்டிருந்த பழைய இரும்பு மட்கார்டைக் கழற்றிப் போட்டுவிட்டு இதை மாட்டிக்கொண்டு வந்தார். ஏங்க, இது மட்கார்டா, நாக்கு வழிக்கிற தகடா என்று கேட்டேன். "உனக்கு ஃபேஷன் தெரியாது" என்றார். நாள் முழுக்கத் தையல் மிஷினில் உட்கார்ந்து ஊருக்கே ஃபேஷன் தைத்துக் கொடுக்கிறவளைப் பார்த்து!

நேர்முகத் தேர்வு அன்று விடியற்காலையில் நல்ல மழை, அவர் கிளம்பும்போது நின்றுவிட்டது. மழைக்கோட்டை எடுத்து நீட்டினேன், "மழைதான் விட்டுருச்சே" என்று நான் புதிதாகத் தைத்த வெள்ளைச் சட்டையோடு போய்விட்டார். சேறு வானத்திலிருந்தா வருகிறது, ரோட்டிலிருந்து அல்லவா வருகிறது. நூலக வாசலில் காவலர் அவரைப் பார்த்துவிட்டு "சார், முதுகுல யாரோ கோடு போட்டிருக்காங்க" என்றாராம். இடுப்பிலிருந்து கழுத்து வரை நேராக ஒரே சேற்றுக் கோடு. இவர் சும்மா இருந்திருக்கலாம், குழாயடியில் கைக்குட்டையை நனைத்துத் துடைத்ததில் கோடாக இருந்தது முதுகு முழுவதும் பரவி உலக வரைபடம் ஆகிவிட்டது. அதற்குள் உள்ளே கூப்பிட்டுவிட்டார்கள்.

தேர்வுக்குழுவில் மூன்று பேர், நடுவில் தலைவர் அம்மாள். அப்பா நண்டு மாதிரி பக்கவாட்டில் நடந்து போய் நாற்காலியில் முதுகை ஒட்ட வைத்து உட்கார்ந்திருக்கிறார். உங்களுக்குப் பின்னால் சுவரில் நூலகத்தின் வரைபடம் இருக்கிறது, எந்த அலமாரியை எங்கே மாற்றுவீர்கள் என்று எழுந்து காட்டுங்கள் என்றார்களாம். எழுந்தார், ஆனால் திரும்பவில்லை. அவர்களைப் பார்த்தபடியே கையைப் பின்னால் நீட்டி, இங்கே சரித்திரம், அங்கே சிறுவர் பகுதி, ஜன்னல் ஓரம் ஒழுகுகிறது அங்கே எதுவும் வேண்டாம் என்று காட்டிக்கொண்டே போயிருக்கிறார். இத்தனை வருடமாக அங்கேயே உழைக்கிறவர், ஒரு இடம் கூடத் தப்பவில்லை. "பாக்காமலே சொல்றாரே" என்று ஒருவர் இன்னொருவர் காதில் சொன்னாராம். கடைசியில் கும்பிட்டுவிட்டுப் பின்பக்கமாகவே நடந்து வெளியே வரப் பார்த்தவர், மூலையில் இருந்த குடைத் தொட்டியில் தடுக்கி, சுற்றி விழுந்து, முழு முதுகையும் குழுவுக்குக் காட்டிவிட்டார்.

இத்தனை வருட உழைப்பும் போச்சு என்று இவருக்குக் கண்ணே இருட்டிவிட்டதாம். அப்போது தலைவர் அம்மாள் எழுந்து மெதுவாகத் திரும்பி நின்றிருக்கிறார். அவர் முதுகிலும் அதே கோடு! "என் சைக்கிள்லயும் அந்தக் குட்டி மட்கார்டுதான் சார். காலையிலேருந்து இந்த நாற்காலிய விட்டு நான் எந்திரிக்கவே இல்ல" என்றாராம். அதற்கப்புறம் நால்வரும் சிரித்த சிரிப்பில் வாசல் காவலர் என்னவோ ஏதோ என்று ஓடி வந்துவிட்டாராம். அடுத்த செவ்வாய்க்கிழமை உத்தரவு வந்தது.

வேலை கிடைத்தது நல்லதுதான், ஆனால் இப்போது அந்த நாக்குத் தகடு ராசியான பொருள் ஆகிவிட்டது, கழற்றவே விடமாட்டேன் என்கிறார். தலைவர் அம்மாளே நீளமானதற்கு மாறிவிட்டார், இவர் மாறவில்லை. நீ அப்படி இருக்காதே. முன்சக்கரம் பின்சக்கரம் இரண்டுக்கும் வாங்கு, முன்னால் இல்லாவிட்டால் காலணிக்குள் குளம் கட்டும், உனக்குச் சளி வேறு. டயரை விட மட்கார்டு கொஞ்சம் அகலமாக இருக்கட்டும், ஆனால் டயரை உரசக்கூடாது, நடுவில் ஒரு விரல் நுழைய வேண்டும். அடியில் ரப்பர் துண்டு தொங்குவதாகப் பார், பின்னால் வருகிறவர் உன்னைத் திட்டமாட்டார். போல்ட் மாட்ட உன் வண்டியில் ஓட்டை இருக்கிறதா என்று கடைக்காரரைப் பார்க்கச் சொல். அழகாக இருக்கிறதா என்று மட்டும் கேட்காதே.

ஒரு ரகசியம், படித்ததும் மறந்துவிடு. அவர் புது வேலையில் சேருவதற்கு நான் மூன்று சட்டை தைத்தேன். முன்பக்கம், கை, காலர் எல்லாம் நல்ல வெள்ளை, பின்பக்கம் மட்டும் அசல் சேற்று நிறம். காலையில் நானே பின்னால் நின்று மாட்டிவிடுகிறேன், சாயங்காலம் நானே கழற்றித் துவைக்கப் போட்டுவிடுகிறேன், அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. பத்து நாளாக மழையில் போய்விட்டு வந்து, எல்லாம் மங்கலாகத் தெரிகிற அந்த ரசம் போன கண்ணாடி முன்னால் கழுத்தை ஒடித்து ஒடித்துப் பார்த்துவிட்டு, "பாத்தியா, ஒரு சொட்டு சேறாவது, ஒரு கோடாவது தெரியுதா, நல்ல மட்கார்டுன்னா இதுதான்" என்கிறார். ஆமாங்க என்கிறேன்.

டயர் ஓரத்தில் அகலம் நம்பராக எழுதியிருக்கும், அதைக் கடைக்குப் போகும் முன் குறித்துக்கொள், மறந்துவிடாதே. வேளாவேளைக்குச் சாப்பிடு. நீ போகிற வழியெல்லாம் நல்ல வழியாக, உன் மனசு போல எல்லாம் நடக்கட்டும்.

இப்படிக்கு,
உன் அம்மா