பேர் சொல்லாத சாட்சி

ஐப்பசி 9, திங்கள்

விடியும் முன்பே மழை. ஜப்பான்காரன் ஊரைப் பிடித்ததிலிருந்து கடிகாரம் டோக்கியோ நேரம் காட்டுகிறது, வானத்துக்கு அது தெரியாது. இருட்டிலேயே கோர்ட்டுக்குப் புறப்பாடு. குடையில் இன்னொரு கம்பி போயிற்று. பல்வலி, இடப்பக்கம்.

ஆபீசில் தேதியை ஜப்பான் கணக்கில்தான் எழுத வேண்டும். இந்த நோட்டு என்னுடையது. இதில் ஐப்பசி, ஐப்பசியாகவே இருக்கட்டும்.

மங்களம் தேக்கா சந்தையில் ரேஷன் வரிசைக்குப் போய் வாங்கிக் கட்டிக்கொண்டு வந்தாள். குடும்பத் தலைவர் பெயர் என்ன என்று குமாஸ்தா கேட்க, இவள் வாயைத் திறக்காமல் கார்டை நீட்டியிருக்கிறாள். ஊமையா என்று கத்தினானாம். பின்னால் நின்ற பக்கத்து வீட்டுப் பெண்தான் என் பெயரைச் சொல்லிக் காப்பாற்றினாளாம்.

"புருஷன் பேரைச் சொன்னா நாக்கு அழுகிடுமா?" என்றேன்.

"கல்யாணம் ஆனதுலேர்ந்து சொல்லல. அரைப்படி புழுத்த அரிசிக்கா சொல்லப்போறேன்?" என்றாள். அரிசி புழுத்ததுதான், மறுக்க முடியவில்லை.

கோர்ட்: புதுக் கேஸ். துறைமுகக் கிட்டங்கியில் மூட்டை தூக்கும் ஆள் ஒருவர் போன வாரம் மண்டை உடைந்து ஆஸ்பத்திரிக்குப் போய், மறுநாள் இறந்தார். கூட வேலை செய்த சின்னையா, மூட்டைக் கொக்கியால் அடித்துக் கொன்றதாகக் குற்றச்சாட்டு. சி. கூண்டில் நிற்கிறான். விலா எலும்பை எண்ணலாம். எதைக் கேட்டாலும் "நான் அடிக்கலங்க". அதைத் திரும்பத் திரும்ப இங்கிலீஷில் சொல்வதுதான் இன்று என் பாதி வேலை.

முதல் சாட்சி, கூலிகளை மேய்க்கும் தண்டல். எண்ணெய் தடவிய தலை. இந்தக் காலத்தில் இவருக்கு மட்டும் எண்ணெய் எங்கே கிடைக்கிறதோ.

"சின்னையாதான் அடிச்சான்னு எல்லாரும் சொல்றாங்க."

மா. (மாஜிஸ்திரேட், பழைய ஆள், தூங்குவது போலிருப்பார், தூங்க மாட்டார்) கண்ணைத் திறந்தார். எல்லாரும் என்றால் யார்? அவரைக் கூப்பிடுங்கள். பார்த்தவன் வந்து சொல்லட்டும், குறுக்குக் கேள்விக்கு நிற்கட்டும். பிறர் சொல்லக் கேட்டது இங்கே சாட்சி ஆகாது.

கேட்கவே சந்தோஷமாக இருந்தது. வெளியே ஊர் முழுக்கக் கேள்விப்பட்ட பேச்சில்தான் நடக்கிறது. எவனோ எதையோ சொன்னான் என்று வீடு புகுந்து ஆளைக் கொண்டுபோகிறார்கள். இந்த ஒரு அறையில் மட்டும் அது செல்லவில்லை. வெள்ளைக்காரன் காலத்துப் பழைய சட்டம், இன்னும் யாரும் மாற்றவில்லை.

ஆனால் சி.க்கு அது போதாது. கொக்கியில் ரத்தம். அன்று காலை இருவருக்கும் பீடிக்காக வாய்ச்சண்டை. சம்பவ இடத்தில் வேறு ஆள் இல்லை. கிட்டங்கியில் இருப்பதோ ராணுவ அரிசி. கடைசி பெஞ்சில் ராணுவ போலீஸ்காரர் ஒருவர் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். வெள்ளிக்கிழமைக்குள் முடியாவிட்டால் கேஸையும் ஆளையும் அவர்களே எடுத்துக்கொள்வார்களாம். அங்கே போனவன் திரும்பி வந்து நான் பார்த்ததில்லை.

ஐப்பசி 10, செவ்வாய்

மழை இல்லை. புழுக்கம். பல்லுக்குக் கிராம்பு வேண்டும், தேக்காவில் இல்லை.

இறந்தவரின் மனைவி அஞ்சலை போலீஸில் கொடுத்த வாக்குமூலம் படிக்கப்பட்டது. தமிழ் மொழிபெயர்ப்பாளர் இல்லாமல், சந்தை மலாயில் ஒரு சார்ஜன்ட் எடுத்தது. நாலே வரி. மூட்டை சரிந்து விழுந்ததாகக் கேள்விப்பட்டாள். சொன்னவர் பெயரைப் பலமுறை கேட்டும் சொல்ல மறுக்கிறாள்.

கேஸ் நடத்தும் இன்ஸ்பெக்டர் சிரித்தார். தெருப்பேச்சு, அல்லது யாரையோ மறைக்கிறாள். மா. காகிதத்தை ஒதுக்கி வைத்தார். சொன்னவன் யாரென்றே தெரியாத பேச்சை அவர் எப்படி எடுத்துக்கொள்வார்? சி. என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்குப் புரிகிற ஒரே குரல் என்னுடையது. நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

சாயங்காலம் மரவள்ளிக்கிழங்கு, சிவப்புப் பனையெண்ணெய். தீபாவளிக்கும் இதே எண்ணெய்தானாம். மங்களம் ரேஷன் கார்டை எடுத்து மாடத்தில் வைத்தாள். கிழங்கைக் கீழே வைத்துவிட்டு அந்தக் கார்டையே பார்த்தேன்.

அட மடையா. மறைக்கிறாளாவது. பெயரைக் கேட்டால் அவள் எப்படிச் சொல்வாள்? சொன்னது அவள் புருஷன்.

செத்தவரைக் கூண்டில் ஏற்ற முடியாது. அதனால் சட்டத்தில் ஒரு விலக்கு உண்டு. தன் சாவுக்கு என்ன காரணம் என்று அவர் சொன்னதை, காதால் கேட்டவர் வந்து சொல்லலாம். பிறர் சொல்லக் கேட்டதுதான், ஆனால் செல்லும். எத்தனை கேஸில் அதை நானே மொழிபெயர்த்திருக்கிறேன். மங்களத்தை இரண்டு நாள் பக்கத்தில் வைத்துக்கொண்டும் இது தோன்றவில்லை.

ஐப்பசி 11, புதன்

தூக்கமில்லை. பல் ஒரு பக்கம், சின்னையா ஒரு பக்கம்.

மொழிபெயர்ப்பாளன் கேஸில் மூக்கை நுழைக்கக் கூடாது. ஒரு சொல் கூட்டக் கூடாது, குறைக்கக் கூடாது. இத்தனை வருஷம் அப்படித்தான் இருந்தேன். ஆகவே சி.யின் வக்கீலிடம் (யாழ்ப்பாணத்துக்காரர், வேட்டி மாதிரி வெளுத்த கோட்டு) தாழ்வாரத்தில் கேஸைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. என் வீட்டுக்காரி ரேஷன் வரிசையில் பட்ட பாட்டை மட்டும் சொன்னேன்.

முதலில் சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது.

"ஓம். விளங்குது. நீர் எனக்கு ஒண்டும் சொல்லேல்ல, நானும் ஒண்டும் கேக்கேல்ல."

மத்தியானம் அவருடைய குமாஸ்தா அஞ்சலை வீட்டுக்குப் போய் வெறுங்கையோடு வந்தார். இறந்தவரின் அண்ணன் வாசலை மறித்துக்கொண்டானாம். "கருமாதி முடியாம அவ வாசப்படி தாண்டக் கூடாது. கோர்ட்டாவது மண்ணாவது." கருமாதி அடுத்த செவ்வாய். இந்த அண்ணனும் அந்தத் தண்டலுக்குக் கீழேதான் மூட்டை தூக்குகிறான். மூட்டையைக் கூரை தொட அடுக்கச் சொன்னது தண்டல்தான் என்று துறைமுகத்தில் பேச்சு. (இதுவும் கேள்விப்பட்டதுதான்.)

துக்க வீட்டுக்குப் பெண்கள் போகலாம். மங்களத்திடம் சொன்னேன். வெள்ளிக்கிழமை கோர்ட் இருக்கிறது, வந்தால் ஓர் ஆள் பிழைப்பான், இதற்கு மேல் ஒரு வார்த்தை கூடாது, இன்னதைச் சொல் என்று சொல்லவே கூடாது என்று மூன்று முறை சொன்னேன்.

"நான் என்ன, உங்க மாதிரி பேசியே பிழைக்கிறவளா?" என்றாள்.

ஐப்பசி 12, வியாழன்

சோப்பு இல்லை. சாம்பல் போட்டுத் துவைத்த சட்டை.

மங்களம் போய் வந்தாள். என்ன பேசினாய் என்று கேட்டேன்.

"வெள்ளிக்கிழமைன்னு சொன்னேன். பக்கத்துல உக்காந்து அழுதேன். வேற ஒண்ணுமில்ல."

"அவ என்ன சொன்னா?"

"அவளும் அழுதா."

வருவாளா மாட்டாளா என்று இதிலிருந்து எப்படித் தெரிந்துகொள்வது? சாப்பாடு இறங்கவில்லை. எனக்கு யார் அந்தச் சின்னையா? ஆனாலும் இறங்கவில்லை.

ஐப்பசி 13, வெள்ளி

வந்தாள்.

காலை மழையில், தலையை மூடிய பழைய சேலை, கூட யாருமில்லை. துறைமுகப் பக்கம் தஞ்சோங் பகாரிலிருந்து நடந்தே வந்திருக்கிறாள். கழுத்தில் தாலி இன்னும் இருக்கிறது, கருமாதியன்றுதானே வாங்குவார்கள். பின்னாலேயே அண்ணன் ஓடி வந்து கூட்டத்தில் நின்றான். நிமிஷத்துக்கு ஒரு தடவை தொண்டையைச் செருமினான்.

ஆஸ்பத்திரியில் உங்களிடம் பேசியது யார் என்று வக்கீல் கேட்டார்.

"எங்க வீட்டுக்காரவுக."

இன்ஸ்பெக்டர் எழுந்தார். அன்று பெயர் கேட்டபோது வாயைத் திறக்கவில்லை, இன்று புருஷன் என்கிறாள், யாரோ சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். நிஜமானால் பெயரைத் தன் வாயால் சொல்லட்டும்.

வக்கீல், இது எங்கள் பெண்களின் வழக்கம் என்று தொடங்கினார். நீங்கள் சாட்சி இல்லை, உட்காருங்கள் என்றார் மா. பெயரை வக்கீலே எடுத்துக் கொடுக்கப் பார்த்தார், அதையும் தடுத்தார்கள். சாட்சியின் வாயில் சொல்லை வைக்கக் கூடாது. எல்லாம் சட்டப்படி சரி.

மா. அஞ்சலையைப் பார்த்து நிதானமாகச் சொன்னார். இறந்தவர் பேச்சை எடுத்துக்கொள்ள எனக்கு அதிகாரம் உண்டு. ஆனால் பேசியவர் யார் என்று சந்தேகமில்லாமல் பதிவாக வேண்டும். இல்லாவிட்டால் இது நாளைக்கு நிற்காது. சொல்லும்போது அவர் கண் கடைசி பெஞ்சுக்குப் போய் வந்தது. தமிழில் சொன்னேன்.

அவள் தாலியை எடுத்து மா. பக்கம் தூக்கிக் காட்டினாள். நான் வாயைத் திறந்து மூடிக்கொண்டேன். வாய்ச்சொல்லுக்குத்தான் நான். இன்ஸ்பெக்டர் காத்திருந்தார். அண்ணன் செருமினான். கடைசி பெஞ்சுக்காரர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

அஞ்சலை திரும்பிச் சின்னையாவைப் பார்த்தாள். பிறகு என்னிடம், "மெதுவாச் சொன்னா போதுமாங்க?"

மொழிபெயர்த்தேன். கேட்கும்படி சொன்னால் போதும் என்றார் மா.

தாலியைக் கைக்குள் மூடிக்கொண்டாள்.

"வீரமுத்து."

பெயரில் மொழிபெயர்க்க என்ன இருக்கிறது? ஆனாலும் திருப்பிச் சொன்னேன், அது என் வேலை. குரல் கம்மிவிட்டது. மா. இன்னொரு முறை சொல்லச் சொன்னார், அவளை இல்லை, என்னை.

அதன் பிறகு நிற்கவே இல்லை அவள். "மூட்டை சரிஞ்சு மேல விழுந்துருச்சுன்னாக. சின்னையா மேல தப்பில்ல, கொக்கிய மாட்டி மூட்டைய இழுத்து என்னைய வெளிய எடுத்தது அவந்தான், அவனுக்குச் சோறு போடுன்னாக. அதுக்கப்புறம் தண்ணி கேட்டாக. அதுக்கப்புறம் பேசல." கொக்கியில் ரத்தம் வந்த வழி அது. இன்ஸ்பெக்டர் குறுக்கே எத்தனையோ கேட்டார். ஒரு சொல் மாறவில்லை.

மா. அரை மணி எழுதினார். இறந்தவரின் வார்த்தையை ஏற்கிறேன், குற்றத்துக்கு ஆதாரமில்லை, விடுதலை. ராணுவ போலீஸ்காரர் தொப்பியைப் போட்டுக்கொண்டு எழுந்து போனார். தண்டலை மத்தியானத்துக்குப் பிறகு காணோம். சி. இறங்கத் தெரியாமல் கூண்டிலேயே நின்றான். "போலாம்பா" என்றேன். அது யாரும் சொல்லச் சொல்லாதது. இத்தனை வருஷத்தில் நான் கூட்டிய ஒரே சொல்.

அவளைத் தேடினேன். அதற்குள் நடந்து போய்விட்டாள்.

ஐப்பசி 17, செவ்வாய்

வெயில். பல்லைப் பிடுங்கியாயிற்று. குடைக்குக் கம்பி கிடைக்கவில்லை.

கருமாதிக்கு மங்களம் போய் வந்தாள். எனக்குக் கோர்ட். பிண்டம் வைக்கும்போது ஐயர் இறந்தவர் பெயர் கேட்டாராம். அண்ணன் வாயைத் திறக்கும் முன்னே, உள்ளே பெண்கள் நடுவிலிருந்து அஞ்சலை சொன்னாளாம், தெருவுக்கே கேட்கும்படி. வாசலுக்கு வெளியே ஒதுங்கி நின்ற சின்னையா அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதானாம். முதல் இலை அவனுக்குத்தான் போட்டாளாம், மரவள்ளிக்கிழங்குதான்.

நான் பார்க்கவில்லை. மங்களம் சொல்லக் கேட்டது. எந்த விலக்கிலும் வராது, மா. ஒதுக்கிவிடுவார். மங்களத்தைக் குறுக்கு விசாரணை செய்ய எனக்குத் தைரியமில்லை. எழுதி வைத்துக்கொண்டேன்.