கொழுந்துக் கறை

ஜனவரி 12, ஞாயிறு இரவு.

அம்மாவின் முழங்கால் வலிக்குச் சுடுதண்ணீர் நல்லது என்று நானாகத்தான் நுவரெலியாவுக்குக் கூட்டிப்போனேன். ஜப்பான் முறையில் கட்டிய குளியல் விடுதி. பகலில் போய்க் குளித்துவிட்டு வரலாம். முதலில் முக்காலியில் உட்கார்ந்து உடம்பைத் தேய்த்துக் கழுவ வேண்டும். பிறகுதான் பொதுத் தொட்டியில் இறங்கலாம். அம்மா எனக்கு முன்பே கழுவி முடித்தார். தோட்டத்து லயத்தில், பீலியில் கொட்டும் தண்ணீரில் குளித்துப் பழகியவர், சோப்பு போடுவதில் குறை வைக்கமாட்டார்.

தொட்டியருகே நின்ற பணிப்பெண் அம்மாவின் விரல்களைப் பார்த்தாள்.

"கை இன்னும் சுத்தமாகலீங்க. மறுபடி கழுவிட்டு வாங்க."

அம்மா போய்க் கழுவிவிட்டு வந்தார். மறுபடியும் அனுப்பினாள்.

"இது தேயிலக் கொழுந்து பறிக்கிற கறை புள்ள, போகாது. நீ எந்தப் பக்கம்?"

"றொசல்ல தோட்டங்க. எங்கம்மா கையும் இப்படித்தான். எனக்குத் தெரியும்ங்க. ஆனா மத்தவங்க பாக்குறாங்க."

தெரியுமாம். தெரியாதவள் சொல்லியிருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன். அந்த மற்றவர்கள் தொட்டி ஓரத்தில் உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்கள்.

"வா, போவோம்" என்றார் அம்மா. பஸ்ஸில் தலவாக்கலை வரை ஏதேதோ சொல்லிச் சிரித்துக்கொண்டே வந்தார். கால் வலியைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

வீட்டில் அடுப்பு அணைந்த பிறகும் குசினியில் இன்னும் விளக்கு எரிகிறது. தேசிக்காய் பிழிந்த புளிப்பு வாசனை வருகிறது. அம்மா அதைப் பூசி விரல்களைத் தேய்த்துக்கொண்டிருக்கிறார். நான் எழுந்து போனால் நிறுத்திவிட்டுச் சிரிப்பார். அந்தச் சிரிப்பை இன்று இன்னொரு தடவை பார்க்க என்னால் முடியாது.